போர்க்களத்தின் மேலே பயணிகள் விமானம்: கேட்டை மூட வேண்டியவர் யார்?



2025 ஜூன் 24 காலைத் திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் கலங்கிய முகத்தோடு வந்து நின்றார். “சாமி, விடுமுறைக்கு வந்த மகன் நேற்று ராத்திரி தோகாவுக்குத் திரும்ப வேண்டியது. விமானம் போகாதுன்னு சொல்லிட்டாங்க. விடிய விடிய ஏர்போர்ட்லயே உட்கார்ந்திருக்கான். நாளைக்கு வேலையில சேரலன்னா என்ன ஆகுமோ? போர் வேற எங்கேயோ நடக்குது, மேலே பறக்குற விமானத்துக்கு அதனால என்ன?” என்று கேட்டார்.

முந்தின இரவுதான் கத்தார் நாடு தன் வான்வெளியை மூடியிருந்தது. சிறிது நேரத்தில் அங்குள்ள அமெரிக்க விமானத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை வீசியது. வளைகுடாவில் பிள்ளைகள் வேலை செய்யும் குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனையோ உண்டு. எனவே அந்தத் தாயின் கேள்வி நம் எல்லாருக்கும் உரிய கேள்விதான்.

உயரம் பாதுகாப்பு ஆகுமா?

பயணிகள் விமானம் சாதாரணமாக 30,000 முதல் 40,000 அடி உயரத்தில் பறக்கிறது. கீழே துப்பாக்கிச் சண்டை நடந்தாலும் மேலே எட்டாது என்ற எண்ணம் பல ஆண்டுகளாக இருந்து வந்தது. தோளில் வைத்துச் சுடும் சிறிய ஏவுகணைகளைப் பொறுத்தவரை இது ஓரளவு சரியே. அவற்றால் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் ஆபத்து. ஆனால் வாகனத்தில் ஏற்றிச் செல்லப்படும் பெரிய ஏவுகணைகளின் நிலை வேறு. ரஷ்யத் தயாரிப்பான ‘பூக்’ ஏவுகணை, பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைப்போல இரு மடங்கு உயரத்தையும் எட்டக்கூடியது.

இந்த உண்மையை உலகம் 298 உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்குச் சென்ற மலேசிய விமானம் எம்.எச்.17, கிழக்கு உக்ரைனின் மேலே 33,000 அடி உயரத்தில் பறந்தபோது பூக் ஏவுகணையால் தாக்கப்பட்டது. இறந்தவர்களில் 80 பேர் சிறுவர். எய்ட்ஸ் நோய் பற்றிய மாநாட்டுக்குச் சென்றவர்களும் இருந்தனர். ஆஸ்திரேலியாவில் பள்ளி ஒன்றில் பணியாற்றிய அருட்சகோதரி ஒருவரும் அதில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். இவர்களில் எவருக்கும் அந்தப் போரோடு தொடர்பு கிடையாது.

எச்சரிக்கை இல்லாமல் இருந்ததா?

மூன்று நாட்களுக்கு முன் அதே பகுதியில் உக்ரைன் இராணுவத்தின் சரக்கு விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. அது சுமார் 6,500 மீட்டர் உயரத்தில் பறந்ததாக உக்ரைன் அதிகாரிகளே கூறினர். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணைக்கு எட்டாத உயரம் அது. அதன்பின் 32,000 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. எம்.எச்.17 அந்தத் தடைக்கு 1,000 அடி மேலேதான் பறந்தது, எனவே அது எந்த விதியையும் மீறவில்லை. விபத்து நாளில் மட்டும், வான்வெளி மூடப்படும் வரை, 160 பயணிகள் விமானங்கள் அப்பகுதியைக் கடந்தன என்று நெதர்லாந்தின் பாதுகாப்பு வாரியம் 2015-இல் அறிக்கை தந்தது. முன்னெச்சரிக்கையாக உக்ரைன் தன் வான்வெளியை மூடியிருக்கப் போதிய காரணம் இருந்தது என்றும் அது முடிவு செய்தது.

ஏன் மூடுவதில்லை?

நம் ஊர் ரயில்வே கேட்டை எண்ணிப் பாருங்கள். வண்டி வரும்போது கேட்டை மூட ஒருவர் இருக்கிறார், அதுவே அவருடைய கடமை. வானத்தில் அந்தக் கடமை யாருடையது? 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் தன் வான்வெளிக்குத் தானே பொறுப்பு. ஆக, போரில் ஈடுபட்டிருக்கும் நாடே கேட்டையும் மூட வேண்டியிருக்கிறது. அது தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, தன் நிலத்தின் ஒரு பகுதி தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று ஒப்புக்கொள்ள எந்த அரசும் விரும்புவதில்லை. இரண்டாவது, தன் வானத்தைக் கடக்கும் விமானங்களிடமிருந்து நாடுகள் கட்டணம் பெறுகின்றன, மூடினால் அந்த வருவாய் நிற்கும். மூன்றாவது, எதிரியின் ஆயுதங்களைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை உளவுத்துறை வெளியே சொல்லாது. விமான நிறுவனங்களுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. சுற்றிப் போனால் எரிபொருளும் நேரமும் கூடும். மற்றவர்கள் பறக்கும்போது நாம் மட்டும் ஏன் சுற்ற வேண்டும் என்று ஒவ்வொருவரும் எண்ணினால், எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே ஆபத்துக்குள் போய்விடுகிறார்கள்.

மீண்டும் மீண்டும் அதே தவறு

1988 ஜூலை 3 அன்று ஈரான்–ஈராக் போர்க்காலத்தில், பந்தர் அப்பாஸிலிருந்து துபாய் சென்ற ஈரான் பயணிகள் விமானத்தைப் போர் விமானம் என்று தவறாக எண்ணி அமெரிக்கப் போர்க்கப்பல் சுட்டது. 290 பேர் இறந்தனர். 1998 செப்டம்பர் 29 அன்று யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் ஏர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் மாண்டனர். பயணிகளில் மிகப் பெரும்பாலானோர் தமிழர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையே காரணம் என்று கருதப்படுகிறது. அதன் சிதைவுகள் 2012-இல்தான் கடலடியில் கண்டறியப்பட்டன. அதுவரை அந்தக் குடும்பங்கள் எப்படிக் காத்திருந்திருக்கும்!

2020 ஜனவரி 8 அதிகாலையில் ஈரான், ஈராக்கிலுள்ள அமெரிக்கத் தளங்களைத் தாக்கிவிட்டுப் பதிலடிக்காகக் காத்திருந்தது. ஆயினும் தெஹ்ரான் விமான நிலையம் திறந்தே இருந்தது. அங்கிருந்து கிளம்பிய உக்ரைன் விமானத்தை ஈரானியப் படையினரே இரு ஏவுகணைகளால் வீழ்த்தினர். 176 பேர் இறந்தனர். அரசு உண்மையை ஒப்புக்கொள்ள மூன்று நாட்கள் ஆயின.

2024-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பெருவிழா நாளில் பாக்குவிலிருந்து குரோஸ்னிக்குச் சென்ற அஜர்பைஜான் விமானம் தாக்குதலுக்கு உள்ளாகி, காஸ்பியன் கடலைக் கடந்து கஜகஸ்தானின் அக்தாவ் அருகே விழுந்தது. 67 பேரில் 38 பேர் மடிந்தனர். தங்கள் ஏவுகணைகளே அதன் அருகில் வெடித்தன என்று ரஷ்ய அதிபர் புதின் 2025 அக்டோபரில் ஒப்புக்கொண்டார்.

 அச்சத்தில் இருப்பவர் கையில் ஆயுதம் இருக்கும்போது, திரையில் தெரியும் ஒரு புள்ளி பகைவனாகத் தோன்றுகிறது. முடிவெடுக்கச் சில நொடிகளே கிடைக்கின்றன. அதனால்தான், பாதுகாப்பை அந்த நொடியில் தேடாமல், அதற்கு முன்பே கேட்டை மூட வேண்டியிருக்கிறது.

மாறியது என்ன?

தென்கொரிய விமானம் ஒன்றை 1983-இல் சோவியத் போர் விமானம் வீழ்த்தி 269 பேர் இறந்தபின், பறக்கும் பயணிகள் விமானத்தின்மீது ஆயுதம் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 1984-இல் சிகாகோ உடன்படிக்கையில் சேர்க்க ஏற்கப்பட்டது. எம்.எச்.17-க்குப் பின் போர்ப்பகுதி ஆபத்தை மதிப்பிடும் வழிமுறைகளைப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்தது. 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் உக்ரைன் தன் வானம் முழுவதையும் பயணிகள் விமானங்களுக்கு மூடியது. பாடம் ஓரளவு கற்கப்பட்டிருக்கிறது. நீதியும் மெதுவாக வருகிறது. எம்.எச்.17 வழக்கில் 2022 நவம்பரில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆனால் தண்டனை பெற்றவர்கள் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை.

நம் பங்கு என்ன?

வான்வெளியை மூடும் அதிகாரம் நம்மிடம் இல்லை. ஆயினும் நாம் செய்யக்கூடியவை உண்டு. வெளிநாட்டில் வேலையில் சேரும் நாளுக்கு முந்தின நாள் புறப்படாமல், சில நாட்கள் இடைவெளி விட்டுச் சீட்டு எடுக்கலாம். முகவரின் எண்ணுக்குப் பதிலாக நம் சொந்தத் தொலைபேசி எண்ணைப் பதிவு செய்தால் மாற்றச் செய்திகள் நேரடியாக வந்து சேரும். விமானம் தாமதமானால் முகப்பில் இருக்கும் ஊழியர்மீது கோபத்தைக் கொட்டாமல், காரணத்தைக் கேட்டறியலாம். பணியாளர் தாமதமாக வந்தால் முதலாளிகளும் நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அன்று அந்தத் தாயிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. “அம்மா, கேட்டை மூடியவர்கள் உங்கள் பிள்ளையைத் தடுக்கவில்லை, காத்திருக்கிறார்கள்” என்று மட்டும் சொன்னேன். சில நாட்கள் கழித்து மகன் போய்ச் சேர்ந்தார். எம்.எச்.17-இல் சென்ற 298 பேருக்கு அப்படி ஓர் இரவு விமான நிலையத்தில் காத்திருக்கும் வாய்ப்பை எவரும் கொடுக்கவில்லை. அடுத்த முறை நம் பயணம் தள்ளிப்போகும்போது இதைச் சற்று நினைத்துப் பார்ப்போமா?