சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம்!

ஓமலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கிணற்றிலே நீந்தப் பழகியவர்கள். கிணற்றில் தவளை உண்டு, தண்ணீர்ப் பாம்பு உண்டு, சுறா கிடையாது! அதே பிள்ளைகள் ராமேசுவரம் போய்க் கடலில் இறங்கினால், "சுறா வருமோ?" என்று கால் நடுங்குகிறது.

இந்தப் பயம் மிகவும் பழையது.

கடல்கட்டி

மன்னார் வளைகுடாவில் முன்பு முத்துக் குளித்தவர்கள், மந்திரக்காரர் ஒருவர் இல்லாமல் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அவருக்குக் "கடல்கட்டி" என்று பெயர். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டிவிடுவார் என்பது நம்பிக்கை.

13-ம் நூற்றாண்டில் இங்கு வந்த மார்க்கோ போலோ இதை எழுதி வைத்திருக்கிறார். கிடைத்ததில் 20-ல் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு! பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்து விடுவாராம்.

வெள்ளைக்காரர் ஆட்சியிலும் கடல்கட்டிக்குக் கூலி கொடுத்தார்கள். மந்திரத்தை நம்பியா? இல்லை. முத்துக் குளிப்பவர்களுக்குத் தைரியம் வரவேண்டுமே!

அடையாளம் என்ன?

இன்று மந்திரம் வேண்டாம். மீனின் குணம் தெரிந்தால் போதும்.

பவளப்பாறைகளின் பக்கம் சாதாரணமாகத் திரியும் சுறா ஒன்று உண்டு. அதன் துடுப்புகளின் நுனி, மையில் தோய்த்ததுபோல் கறுத்திருக்கும். நீளம் சுமார் 5 அடி. முழங்கால் அளவுத் தண்ணீரிலும் வரும். அப்போது முதுகுத் துடுப்பு வெளியே தெரியும். பெரும்பாலும் சிறு மீன்களே அதன் உணவு.

பயந்த சுபாவம் உள்ளது. மனிதரைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். ஆழமில்லாத இடத்தில் நடப்பவரின் காலை, மீன் என்று நினைத்துக் கடித்தது உண்டு. ஆளைக் கொன்றதாகப் பதிவு இல்லை.

மூழ்குகிறவர் கவனிக்க!

* தண்ணீரை அடித்துக் கலக்காதீர்கள். அடிபட்ட மீன் என்று நினைத்து அருகே வரும்.
* பிடித்த மீனை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தாதீர்கள். ரத்த வாடை சுறாவை இழுக்கும்.
* இரை போடாதீர்கள், தொடாதீர்கள், துரத்தாதீர்கள்.
* அருகே வந்தால் பதறி ஓடாதீர்கள். அதைப் பார்த்தபடியே மெதுவாக விலகுங்கள்.

யாருக்கு யார் எமன்?

இந்தச் சுறா முட்டை இடுவதில்லை, குட்டி போடும். ஒரு தடவைக்கு 2 முதல் 5 வரைதான். வலையில் சிக்குவதோ ஏராளம்! வெளிநாட்டில் சூப்பு வைக்கச் சுறாத் துடுப்புக்கு நல்ல விலை. இதனால் சுறாக்கள் குறைந்து வருகின்றன. அழியும் அபாயம் உள்ள உயிர்களின் உலகப் பட்டியலில் 2020-ல் இந்தக் கறுப்பு நுனிச் சுறாவும் சேர்ந்துவிட்டது. துடுப்பு ஏற்றுமதிக்கு இந்திய அரசு 2015-ல் தடை போட்டது.

அன்று மனிதனைக் காப்பாற்றச் சுறாவின் வாயைக் கட்டினார்கள். இன்று சுறாவைக் காப்பாற்ற மனிதனின் கையைக் கட்டவேண்டி இருக்கிறது!