ஆப்பிரிக்கன் கெளுத்தி வளர்த்தால் நடவடிக்கை: பண்ணைக்காரர்கள் எதிர்ப்பது ஏன்?

ஆப்பிரிக்கன் கெளுத்தி மீனை வளர்த்தால் கடும் நடவடிக்கை பாயும் என்று மாவட்ட கலெக்டர்கள் அடிக்கடி எச்சரிக்கை விடுகிறார்கள். அதிகாரிகள் வந்தால் குளத்தை வற்ற வைத்து, மீனை குழி தோண்டி புதைத்து விடுகிறார்கள். நஷ்டம் முழுக்க வளர்த்தவர் தலையில்தான்.

தடை ஒன்றும் புதிது அல்ல. இந்த மீனுக்கு நாடு முழுவதும் 20 ஆண்டுகளுக்கு மேலாகவே தடை உள்ளது. அப்படியும் வளர்ப்பது நிற்கவில்லை. ஏன்? இதுபற்றிய விவரம் வருமாறு:-

தண்ணி வத்தினாலும் சாகாது

செதில் இல்லாத, மீசை வைத்த மீன் இது. காற்றில் இருந்தே சுவாசிக்கும். அதனால் கோடையில் குளம் சேறாகிப் போனாலும் தாக்குப்பிடிக்கும். கோழிக்கழிவு, மாட்டுக்கழிவு எதைப் போட்டாலும் தின்னும். ஆறேழு மாசத்தில் கிலோ கணக்கில் தேறி விடும். கையில் காசு இல்லாதவருக்கு இதைவிட லாபமான மீன் ஏது?

அரசு தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மழை வெள்ளத்தில் கரை உடைந்தால் இந்த மீன் ஏரி, ஆறு என்று பரவி விடும். நம்மூர் விரால், கெளுத்தி, குறவை குஞ்சுகளை தின்று தீர்க்கும். ஏரியை நம்பி வலை வீசுபவர் பிழைப்பு போய்விடும். கழிவு அழுகி ஊரே நாறும்.

நேற்று தடை, இன்று சிபாரிசு

ஆனாலும் பண்ணைக்காரர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். வெளிநாட்டு மீனை முதலில் குளத்தில் விட்டது யாரு?

ஜிலேபி மீன் 1952-ல் இலங்கையில் இருந்து கொண்டு வரப்பட்டது. ஏரி, குளமெல்லாம் பரவியதும், 1959-ல் அதை வளர்க்க தடை போட்டார்கள். போன மீன் திரும்பி வருமா? இன்றைக்கும் தமிழ்நாட்டு ஏரிகளில் ஜிலேபிதான் கொட்டிக் கிடக்கிறது.

அதே 1959-ல் புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் வெளிநாட்டில் இருந்து அரசு ஆராய்ச்சிக்காக வந்தன. இப்போது அவை பண்ணைகளில் சாதாரணம்.

பின்னர் ஜிலேபி இனத்திலேயே மேம்படுத்திய 'கிப்ட் திலேப்பியா'வுக்கு அரசே அனுமதி கொடுத்தது. 1990-களில் வங்கதேசம் வழியாக அனுமதி இல்லாமல் நுழைந்த பங்கேசியஸ் மீனுக்கும் பிறகு அனுமதி கிடைத்தது.

'அதுக்கெல்லாம் கட்டுப்பாட்டோட அனுமதி, எங்க மீனுக்கு மட்டும் குழியா?' என்பதுதான் இவர்கள் ஆதங்கம்.

சிக்குவது சின்ன ஆள்

இன்னொரு குறை, நடவடிக்கை எடுக்கும் விதம். குஞ்சு பொரித்து விற்பவரும், வண்டியில் ஏற்றி வருபவரும் காசை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். சிக்குவது, கடன் வாங்கி அரை ஏக்கரில் குளம் வெட்டியவர்தான். நாட்டுக்கெளுத்தி என்று சொல்லி விற்ற குஞ்சை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. குஞ்சாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துப் பார்ப்பது லேசு இல்லை.

கிப்ட் வளர்க்கலாமே என்றால் அதற்கு பதிவு வேண்டும், மீன் வெளியே தப்பாமல் வலை, தடுப்பு வேண்டும். குத்தகைக் குளத்துக்காரர் இதற்கெல்லாம் எங்கே போவார்?

என்ன செய்யலாம்?

ஆப்பிரிக்கன் கெளுத்தியை அப்படியே விட்டுவிடச் சொல்வது ஆபத்துதான். ஏரியில் ஒருமுறை இறங்கிவிட்டால் யாராலும் பிடித்து முடிக்க முடியாது. ஜிலேபியே அதற்கு சாட்சி.

அதே சமயம் குளத்தை மட்டும் குறிவைத்தால் தடை ஜெயிக்காது என்பதை இத்தனை ஆண்டு அனுபவம் காட்டிவிட்டது. பிடிக்க வேண்டிய இடம் குஞ்சு பொரிக்கும் தொட்டி. அழிக்கும் மீனுக்கு பதிலாக விரால், நாட்டுக்கெளுத்தி குஞ்சுகளை குறைந்த விலையில் கொடுத்தால் பாதிப் பேர் தானாக மாறிவிடுவார்கள்.

அதுவரை குஞ்சு வாங்குபவர்கள் உஷாராக இருப்பது நல்லது. பில் இல்லாமல், வண்டியில் வந்து மலிவாகத் தரும் கெளுத்திக் குஞ்சை வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் குளத்தில் விடும் முன்பே மீன்வளத்துறை அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். விட்ட பிறகு கேட்டால், பதில் குழியாகத்தான் இருக்கும்.