பங்கு வந்தது; பொறுப்பு எப்போது?

2020 ஆகஸ்ட் 11. இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அடுத்த மாதம் முருகப்பா குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில், மறைந்த எம்.வி.முருகப்பனின் மகள் வள்ளி அருணாசலத்தை இயக்குநர் குழுவில் சேர்ப்பது வாக்கெடுப்புக்கு வந்தது. அணுசக்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். அவருடைய குடும்பத்தின் கையில் எட்டு சதவீதத்துக்கும் மேல் பங்குகள் இருந்தன. வாக்கெடுப்பில் 91 சதவீதம் எதிராக விழுந்தது. பெண் என்பதால்தான் மறுக்கிறார்கள் என்றார் அவர். 2023இல் இரு தரப்பும் சமரசமாகின.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குக் கேட்ட சொத்துரிமையைத் தமிழ்நாடு 1989இல் சட்டமாக்கியது. நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. ஆனால், சட்டம் சொத்தைத்தான் பிரித்துக்கொடுக்கும். நிர்வாகப் பொறுப்பை வீட்டுப் பெரியவர்கள்தான் மனமுவந்து தர வேண்டும்.

தந்த இடங்களில் என்ன நடந்தது? அமெரிக்காவின் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியில் படித்துத் திரும்பிய மல்லிகா சீனிவாசனை, அப்பா சிவசைலம் 1986இல் டாஃபே டிராக்டர் தொழிலின் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தார். ஆண்களின் உலகம் என்று நினைக்கப்பட்ட தொழில் அது. 2005இல் ஐஷர் டிராக்டர் பிரிவையே வாங்கும் அளவுக்கு அது வளர்ந்தது. அப்போலோவில் பிரதாப் ரெட்டியின் நான்கு மகள்களும் நிர்வாகத்தில் இருக்கிறார்கள்.

கல்லாவில் தொடங்கட்டும்

நம் கடைவீதிகளிலோ இன்னும் பழைய வழக்கம்தான். பத்தாம் வகுப்பு லீவிலேயே பையன் கல்லாவில் உட்காருகிறான். எந்த வியாபாரிக்கு எத்தனை நாள் கடன் தரலாம், எந்தச் சரக்கை ஆடிக்கு முன்பே தள்ளிவிட வேண்டும் என்பதெல்லாம் அவன் காதில் தானாக விழுகிறது. பி.காம் படித்த மகள் வீட்டிலிருந்தபடியே ஜிஎஸ்டி கணக்குப் போட்டுத் தருகிறாள். கொள்முதல் பேச்சில் அவளுக்கு இடமில்லை. பிறகு, "பொம்பளைப் பிள்ளைக்கு வியாபாரம் தெரியாது" என்கிறோம். தெரிந்துகொள்ள வழிவிட்டோமா?

"நாளைக்கு வேறு வீட்டுக்குப் போறவ" என்பது இன்னொரு தடை. கல்யாணத்தோடு தொழில் அறிவு போய்விடுவதில்லை. மகளையும் பள்ளி லீவில் கடைக்கு அழைத்துப் போங்கள். பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் அவள் பெயரையும் எழுதுங்கள். செக்கில் கையெழுத்திடும் அதிகாரம் கொடுங்கள். கல்யாணமானதும் அதைப் பறிக்காதீர்கள். மகன் இல்லாத குறைக்கு மகள் என்றில்லாமல், மகன் இருக்கும்போதும் தகுதி பார்த்து மகளிடம் பொறுப்பைத் தரும் குடும்பம்தான் அவளை உண்மையாக வாரிசாக ஏற்ற குடும்பம்.