உங்களுக்குத் தெரியுமா? இணையக் கடையின் முதல் போணி

கடை திறந்த அன்று முதல் போணி யார் கையால் என்று பார்ப்பது நம் ஊர் வழக்கம். கைராசிக்காரரைத் தேடிப் பிடித்து அழைத்து வருபவர்களும் உண்டு. தானே முதலாளி, தானே கணக்கப்பிள்ளை, தானே எடுபிடி என்று ஒற்றை ஆளாக இணையத்தில் கடை போட்டவர்களுக்குக் கைராசி எங்கிருந்து வந்தது?

● 1995 செப்டம்பர் தொடக்கத்தில், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையில், பியர் ஒமிட்யார் தன் சொந்த வலைத்தளத்தின் ஒரு மூலையில் ஏலப் பக்கம் ஒன்றைத் திறந்தார். பெயர் ஆக்‌ஷன்வெப். அதே தளத்தில் எபோலா வைரஸ் பற்றிய பக்கமும் இருந்தது. ஏலம் கேட்க வந்தவர் கை தவறினால் கொள்ளை நோய்க்குள் போய் நின்றிருப்பார். சோதனைக்காக ஒமிட்யார் போட்ட பொருள், தன்னுடைய உடைந்த லேசர் பாயிண்டர். அது 14.83 டாலருக்குப் போனது. இது வேலை செய்யாது, தெரியும்தானே என்று வாங்கியவரைக் கேட்டார். உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பதுதான் தன் பொழுதுபோக்கு என்று பதில் வந்தது. அந்த ஏலக் கடைதான் பின்னாளில் ஈபே.

● ஒமிட்யாரின் வருங்கால மனைவி ‘பெஸ்’ மிட்டாய் டப்பாக்களைச் சேகரிக்கத்தான் ஈபே தொடங்கப்பட்டது என்று படித்திருப்பீர்கள். அது 1997-ல் பத்திரிகைக்காரர்களுக்காக நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு கட்டிவிட்ட கதை. உடைந்த பாயிண்டரில் காதல் இல்லையே, என்ன செய்வது!

● ஈபே கமிஷன் வாங்கத் தொடங்கியதற்குக் காரணம் பெரிய வியாபாரத் திட்டம் எதுவும் இல்லை. கூட்டம் கூடியதும், இணைய இணைப்பு தந்த நிறுவனம் மாதம் 30 டாலர் வாடகையை 250 ஆக உயர்த்தியது. அதை ஈடுகட்ட ஒமிட்யார் விற்றவர்களிடம் சிறு தொகை கேட்டார். காசோலைகள் உறை உறையாகத் தபாலில் வந்து குவிந்தன.

● இணையம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே மென்பொருளைத் தனி ஆளாக விற்றவர்கள் இருந்தார்கள். 1982-ல் ஜிம் நாஃப் என்பவர் தான் எழுதிய பி.சி.-ஃபைல் நிரலைப் பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கச் சொன்னார். பிடித்திருந்தால் 10 டாலர் அனுப்புங்கள் என்று உள்ளேயே ஒரு வேண்டுகோள். கோயில் உண்டியல் முறைதான். ‘நாஃப்’ என்றால் ஜெர்மன் மொழியில் பொத்தான். அதனால் வியாபாரத்தில் ஜிம் பட்டன் என்றே பெயர் வைத்துக்கொண்டார். இரண்டே ஆண்டில் ஐ.பி.எம். வேலையை விட்டார்.

● புதிய இணையப் பொருள்களை நாள்தோறும் வரிசைப்படுத்தும் ‘பிராடக்ட் ஹண்ட்’ தளத்தில் ஒரு நாள் என்பது அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவு 12:01-க்குப் பிறக்கிறது. நம் கடிகாரத்தில் அது பகல் 12:31; அங்கே குளிர்கால நேரம் என்றால் 1:31. உலகச் சந்தையில் கடை திறக்கும் தமிழ்நாட்டுக்காரருக்கு நல்ல நேரம் சாப்பாட்டு நேரத்தில்தான் வருகிறது.

● வியட்நாமின் ஹனோய் நகரில் டோங் நுயென் தனி ஆளாக எழுதிய ‘ஃப்ளாப்பி பேர்ட்’ விளையாட்டு 2013 மே 24 அன்று வெளிவந்தது. யாரும் சீந்தவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து, 2014 ஜனவரியில், அமெரிக்க ஆப் ஸ்டோரின் இலவச வரிசையில் முதல் இடத்தில் இருந்தது. விளம்பரத்தில் மட்டும் ஒரு நாளைக்கு 50,000 டாலர் வருவதாக அவரே சொன்னார். பிப்ரவரியில் கடையிலிருந்து அதை எடுத்துவிட்டார். தன் நிம்மதி போய்விட்டது, ஆடுகிறவர்களும் விடமுடியாமல் கிடக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். கல்லா நிரம்பி வழியும்போது ஷட்டரை இறக்குவதற்கு ஒரு தனி மனம் வேண்டும்.

● ஊறுகாய்க்கும் ஊறுகாய் போடக் கற்றுத்தரும் வகுப்புக்கும் ஜி.எஸ்.டி.யில் வேறு வேறு கோடு. சென்னையில் இருக்கும் ஒருவர் தன் வலைத்தளம் வழியாக ஒரு பாட்டில் ஊறுகாயைப் பெங்களூருக்கு விற்றால், அது வெளி மாநிலச் சரக்கு விற்பனை. ஒரே பாட்டில் என்றாலும் பதிவு எண் வேண்டும். அதே பெங்களூர்க்காரருக்கு அதே ஊறுகாய் போடுவதை ஸூமில் சொல்லிக் கொடுத்தால் அது சேவை. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. சேவைக்கான இந்தச் சலுகை 2017 அக்டோபரில் வந்தது. கைவினைப் பொருள்களுக்கும் இது போல ஒன்று உண்டு. பாட்டில் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டவில்லை என்றால், சரக்குக்கு 40 லட்சம்வரை விலக்கு.

பெரிய இணையச் சந்தைகளின் வழியாக விற்பவர்கள் நிலைமை முன்பு இன்னும் மோசம். சொந்த மாநிலத்துக்குள் விற்றாலும் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கேட்டார்கள். 2023 அக்டோபர் 1 முதல்தான் உள்மாநிலச் சிறு வியாபாரிகளுக்கு அது தளர்ந்தது. மாங்காய் ஊறுகாய் ஓசூரைத் தாண்டினால் ஒரு சட்டம், தாண்டாவிட்டால் வேறு சட்டம். கடை போடுவதற்கு முன் ஆடிட்டர் ஒருவரிடம் அரை மணி நேரம் உட்காருவது லோகோவுக்குச் செலவழிப்பதைவிட உருப்படியான வேலை.

● மின்னூலுக்கும் இப்படி ஒரு வினோதம். அச்சுப் பிரதி உள்ள மின்னூலுக்கு 2018-ல் ஜி.எஸ்.டி.யை 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். அச்சேறாமல் திரையிலேயே பிறந்த நூலுக்கு அந்தக் குறைப்பு இல்லை.

● ‘தி மார்ஷியன்’ நாவலை ஆண்டி வியர் தன் வலைத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகச் சும்மாதான் போட்டார். கிண்டிலில் போட்டால் படிக்க வசதியாக இருக்கும் என்று வாசகர்கள் கேட்டார்கள். அமேசானில் அவர் இலவசமாகப் போட வழியில்லை. குறைந்தபட்ச விலை 99 சென்ட். அதையே வைத்தார். தளத்தில் சும்மா கிடைத்ததை இறக்கிக்கொண்டவர்களைவிட அமேசானில் காசு கொடுத்து வாங்கியவர்களே அதிகம் என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இலவசம் என்றால் எல்லாரும் ஓடிவருவார்கள் என்ற நம் நம்பிக்கையைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும்.

● குறு, சிறு தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவு 2020 ஜூலை 1 அன்று வந்தது. கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

● ‘இன்னும் 2 இடங்கள்தான் பாக்கி!’ என்று பொய் சொல்லி அவசரப்படுத்துவது இப்போது வெறும் வியாபாரத் தந்திரம் இல்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வாங்குபவரை ஏமாற்றும் 13 வகை இணைய உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. கேட்காத பொருளைக் கூடையில் போட்டுவிடுவது, பணம் கட்டும் கடைசித் திரையில் புதுக் கட்டணத்தை நுழைப்பது, ‘வேண்டாம், எனக்கு முன்னேற விருப்பமில்லை’ என்ற பொத்தானை அழுத்த வைத்துக் குற்ற உணர்ச்சி ஊட்டுவது எல்லாம் அதில் உண்டு. பெரிய நிறுவனங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் விற்கும் ஒற்றை ஆளுக்கும் பொருந்தும். இணைய வகுப்பு விற்பவர்களின் பக்கத்தில் ஓடும் அந்தச் சிவப்புக் கடிகாரம் நினைவிருக்கிறதா? பக்கத்தை மறுபடி திறந்தால் மறுபடி 15 நிமிடத்திலிருந்து ஓடும். அந்தக் கடிகாரத்தைத்தான் சொல்கிறேன்.

● சந்தா விற்பவர்கள் கவனத்துக்கு: கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போகவேண்டும் என்பது 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. சந்தா கட்டுவதையே மறந்திருந்தவருக்கு அது மாதாமாதம் நினைவு வரும்.

● 2020 ஜனவரி 1 முதல், வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யு.பி.ஐ. பணத்துக்கு வணிகரிடம் எம்.டி.ஆர். எனப்படும் வணிகர் கட்டணத்தைப் பிடிக்கக் கூடாது. அப்படியும் பில்லில் கழிவு தெரிந்தால், அது பெரும்பாலும் பேமென்ட் கேட்வே நிறுவனம் தன் சேவைக்கு வாங்கும் கூலி.

● பென்சில் ஒன்றின் சின்னத்தைக் கணினியில் வரைந்து, அதை ஒரு டாலருக்கு விற்கலாமே என்று நினைத்தார் சாஹில் லவிங்கியா. வயது இருபதைத் தொடவில்லை. ஒரே ஒரு படத்தை விற்க எளிய வழி இல்லை என்று தெரிந்ததும், ஒரு வார இறுதியில் தானே ஒரு வழியைக் கட்டினார். 2011-ல் வந்த அதுதான் கம்ரோட். முதல் நாளே 52,000-க்கு மேல் ஆட்கள் வந்து பார்த்தார்கள். பின்ட்ரெஸ்ட் வேலையை விட்டார், முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள், அலுவலகம், ஆட்கள் எல்லாம் வந்தன. எதிர்பார்த்த வேகத்தில் வியாபாரம் வளரவில்லை. 2015-ல் பெரும்பாலோரை அனுப்பிவிட்டார். ஒரு கட்டத்தில் மறுபடியும் அவர் ஒருவர்தான். தோற்றுவிட்டேன் என்று நீண்ட கட்டுரையே எழுதினார். கடை மட்டும் மூடவில்லை. அதில் விற்று வாழும் ஓவியர்களும் எழுத்தாளர்களும் போகவும் இல்லை.

● ‘ஸ்டார்டியூ வேலி’ விளையாட்டின் நிரல், ஓவியம், இசை, வசனம் நான்கும் எரிக் பரோன் ஒருவர் செய்தவை. நாலரை ஆண்டு பிடித்தது. அந்தக் காலத்தில் சியாட்டிலில் ஓர் அரங்கில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் பகுதிநேர வேலை பார்த்தார். 2016 பிப்ரவரி 26-ல் வெளியிட்டார். இரண்டு மாதத்தில் 10 லட்சம் பிரதி. 2024 முடிவதற்குள் 4 கோடியைத் தாண்டியது. பத்தாண்டு நெருங்கும்வரை புதுப் புதுப் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார், அதற்கென்று காசு கேட்கவில்லை.

● 2005 ஆகஸ்ட் 26 அன்று இங்கிலாந்துக் கல்லூரி மாணவர் அலெக்ஸ் டியூ, பத்து லட்சம் பிக்சல் கொண்ட ஒரே பக்கத்தை, பிக்சல் ஒரு டாலர் என்று மனை பிரித்து விற்க உட்கார்ந்தார். கல்லூரிக் கட்டணத்துக்காக. மூன்று நாள் ஈ ஓட்டினார். போணி செய்தது ஒரு நண்பரின் இசைத் தளம்: 400 பிக்சல். இரண்டு வாரம்வரை வாங்கியவர்கள் சொந்தமும் நட்பும்தான். அதை வைத்துச் செய்தி அனுப்பினார், பத்திரிகைகள் எழுதின, கூட்டம் வந்தது. கடைசி 1,000 பிக்சல் 2006 ஜனவரியில் ஏலம் போனது. ஏலம் நடந்த இடம் ஈபே. மொத்த வசூல் 10,37,100 டாலர். பக்கம் பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. கட்டம் கட்டமாகத் தொட்டுப் பார்த்தால், வாங்கியவர்களின் கடைகள் பல பூட்டிக் கிடக்கின்றன.