ஒலி காட்டும் கடல்

நுழையும்முன்

காற்றையும் கடலாழத்தையும் கண்ணால் காண இயலாது. காற்றின் வலிமையைச் சுழலும் இறக்கைகள் உணர்த்துகின்றன. ஆழத்தின் நிலையைத் திரும்பிவரும் ஒலி உணர்த்துகிறது. ஓடும் படகின் பின்னே நீருக்குள் செல்லும் தூண்டிலையும் அதைத் துரத்தும் மீனையும் அந்த நொடியிலேயே திரையில் காட்டும் கருவி இன்று வந்துவிட்டது. அது இயங்கும் முறையையும், அதன் திரையைப் படிக்கும் வகையையும், அது காட்டாதவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மலையிலிருந்து கடலுக்கு

நாஞ்சில் நாட்டின் கிழக்கு வாயிலாக விளங்குவது ஆரல்வாய்மொழி. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் அமைந்த இக்கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று விசையுடன் பாய்கிறது. அக்காற்றைக் கொண்டு, முப்பந்தல் பகுதியில் அணிவகுத்து நிற்கும் காற்றாலைகள் மின்சாரம் ஆக்குகின்றன. ‘ஆரல்’ என்னும் சொல் தமிழில் ஒரு நன்னீர் மீனுக்கும் பெயராக வழங்குகிறது. ஆயினும் ஆரல்வாய்மொழியில் கடல் இல்லை. தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால்தான் குமரிக்கடலைக் காணலாம்.

கடலில் இருப்பவருக்கோ மலை தொலைவானது அன்று. கரையை விட்டு விலகும் மீனவரின் கண்ணுக்கு மணற்கரை முதலில் மறையும். தென்னந்தோப்பு அடுத்து மறையும். மலைமுகடுகளே இறுதிவரை நிற்கும். கடலில் ஓரிடத்தை அடையாளப்படுத்தக் கல் நட இயலாது. எனவே ஒரு மலைமுகட்டையும் அதற்கு முன்னே தெரியும் தேவாலய உச்சியையோ கோபுரத்தையோ ஒரே நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பர். வேறொரு திசையில் இன்னோர் இணையையும் அவ்வாறே நேர்ப்படுத்துவர். அவ்விரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடமே அவர்கள் தேடிவந்த பார். பார் என்பது மீன்கள் கூடும் கடலடிப் பாறைத்திட்டு ஆகும்.

இடம் தெரிந்தபின் ஆழம் தெரிய வேண்டும். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி, விரித்த கைகளின் நீளமாகிய ‘பாகம்’ என்னும் அளவால் ஆழத்தைக் கணக்கிட்டனர். குண்டு தரையைத் தொடும் அதிர்விலிருந்தே அடியில் இருப்பது பாறையா, சேறா என்று கையால் உணர்ந்தனர். கண்ணுக்கு எட்டாததை வேறொரு புலனால் அறியும் இம்முயற்சியின் தொடர்ச்சியே ஒலியால் கடலை அறியும் கலை.

இழுவைத் தூண்டில்

நெய்மீன், சூரை, பாரை போன்றவை விரைந்து நீந்தி இரையைத் துரத்திப் பிடிப்பவை. சென்னையில் வஞ்சிரம் எனப்படும் மீனே குமரி மாவட்டத்தில் நெய்மீன் எனப்படுகிறது. ஓடுவதைத் துரத்தும் இயல்புடைய இம்மீன்களுக்கு அசையாத இரையைவிட ஓடும் இரை ஏற்றது. ஆகவே, மெல்ல ஓடும் படகின் பின்னே நீண்ட கயிற்றில் தூண்டிலைக் கட்டி இழுத்துச் செல்வர். தூண்டிலில் மீன் துண்டு இருக்கலாம். இறகு, பளபளக்கும் உலோகத் தகடு, சிறுமீன் வடிவில் செய்த நெகிழி முதலிய பொய்யிரையும் இருக்கலாம். மன்னார் வளைகுடாவிலும் இலட்சத்தீவிலும் இவ்வகை மீன்பிடிப்பு நெடுநாள் வழக்கம்.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கயிறு நீருக்குள் சென்றபின் இரைக்கு என்ன நேர்கிறது என்பது தெரியாது. படகு விரைந்தால் இரை மேலெழும், மெதுவானால் கீழிறங்கும். மீன் கூட்டம் 6 மீட்டர் ஆழத்தில் இருக்க, இரை 2 மீட்டர் ஆழத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். மீன் துரத்தி வந்து, அருகில் பார்த்து, ஐயுற்றுத் திரும்பியும் இருக்கலாம். மீனவர் அறிவது மீன் கவ்விய பிறகு கயிற்றில் தோன்றும் இழுப்பை மட்டுமே. கவ்வாத நேரத்தில் மீன் இல்லையா, இருந்தும் விலகியதா என்பதை அறிய வழியில்லை. அறியாமலே எரியும் டீசலுக்கும் விலை உண்டு.

ஒலி அளவுகோலான வரலாறு

ஒளி கடல்நீரில் விரைவில் மங்கிவிடும். ஒலியோ நெடுந்தொலைவு செல்லும். 1826 இல் கொலாடோன், ஸ்டர்ம் என்னும் இருவர் ஜெனீவா ஏரியில் நீருக்குள் மணியடித்து, ஒலி நீரில் செல்லும் வேகத்தை அளந்தனர். காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது.

1912 இல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. நீருக்குள் இருப்பதை முன்னரே அறிய வேண்டும் என்னும் வேட்கையை அந்நிகழ்ச்சி கூட்டியது. செருமானியரான அலெக்சாண்டர் பெம், எதிரொலியால் ஆழம் அளக்கும் முறைக்கு 1913 இல் காப்புரிமை பெற்றார். 1914 இல் ரெஜினால்டு ஃபெசென்டன் பனிப்பாறையிலிருந்து எதிரொலி பெற்றுக் காட்டினார். முதல் உலகப்போரின்போது பிரான்சின் பால் லாங்கவென், மின் அழுத்தத்தால் அதிரும் குவார்ட்சுப் படிகத்தைக் கொண்டு மனிதச் செவிக்கு எட்டாத மீயொலியை நீரில் செலுத்தினார். ஜப்பானின் நாகசாகியைச் சேர்ந்த ஃபுருனோ சகோதரர்கள் 1948 இல் மீன் காணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். போருக்குப் பயன்பட்ட ஒலி, மீனவரின் தொழிற்கருவியாக மாறியது.

தெரிந்து தெளிவோம்

ஒலி சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம். ஒலியின் வேகத்தை நேரத்தால் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். எதிரொலி 0.04 நொடியில் திரும்பினால், 1,500 × 0.04 ÷ 2 = 30 மீட்டர். போகும் வழியும் வரும் வழியும் சேர்ந்திருப்பதால் இரண்டால் வகுக்கிறோம்.

பழைய கருவியும் புதிய கருவியும்

மீன்பிடிப் படகுகளில் பரவலாக உள்ள எக்கோ சவுண்டர், படகின் அடியிலிருந்து நேர்கீழாக ஒலியைச் செலுத்துகிறது. அவ்வொலி கூம்பு வடிவில் விரியும். கூம்பின் கோணம் 20 பாகை எனில், 30 மீட்டர் ஆழத்தில் அது தழுவும் வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 10 மீட்டர் மட்டுமே. படகுக்கு 20 மீட்டர் பின்னால், நீர்மட்டத்தை ஒட்டி வரும் தூண்டில் அக்கூம்புக்குள் விழுவதில்லை. மேலும், அக்கருவியின் திரையில் வலப்புறம் இப்போதைய நிலையும், இடப்புறம் சற்றுமுன் கடந்தவையும் தெரியும். அது காட்டுவது ஒரு காட்சியை அன்று. கடந்த நேரத்தின் பதிவை. நின்ற படகின் அடியில் ஒரே மீன் அசையாதிருந்தாலும் திரையில் நீண்ட கோடாகத் தோன்றும்.

‘லைவ் சோனார்’ எனப்படும் நேரலைக் கருவி இவ்விரு குறைகளையும் மாற்றியது. 2018 இல் கார்மின் நிறுவனம் வெளியிட்ட ‘லைவ்ஸ்கோப்’ இவ்வகையில் பெயர்பெற்றது. இதன் ஒலிமாற்றியில் பல சிறு உறுப்புகள் வரிசையாக உள்ளன. அவை அனைத்தும் ஒரே நொடிப்புள்ளியில் ஒலிக்காமல், நுண்ணிய கால இடைவெளியில் ஒலித்தால் ஒலிக்கற்றை ஒரு பக்கம் சாயும். கருவியை அசைக்காமலே ஒலியின் திசையை மாற்ற இது உதவுகிறது. திரும்பிவரும் எதிரொலி ஒவ்வோர் உறுப்பையும் சற்றே வேறுபட்ட நேரத்தில் அடைகிறது. இரு செவிகளால் ஒலி வரும் திசையை மனிதர் உணர்வதுபோல், அவ்வேறுபாட்டைக் கொண்டு கருவி திசையைக் கணிக்கிறது. திசையும் தொலைவும் சேரும்போது காட்சி உருவாகிறது.

இக்காட்சி எவ்வளவு விரைவாகப் புதுப்பிக்கப்படும் என்பதை இயற்கையே வரையறுக்கிறது. 30 மீட்டர் தொலைவுக்கு ஒலி சென்று திரும்ப 0.04 நொடி ஆவதால், நொடிக்கு 25 முறைக்குமேல் அத்தொலைவைப் பார்க்க இயலாது. 60 மீட்டர் எனில் 12 முறையே இயலும். தொலைவைக் கூட்டினால் காட்சியின் விரைவு குறையும்.

திரையைப் படித்தல்

ஒலிமாற்றியைப் படகின் பக்கவாட்டில் ஒரு கழியில் பொருத்திப் பின்னோக்கித் திருப்பினால், இழுவைத் தூண்டில் திரையில் தெரியும். ஆயினும் அதைப் படிக்கச் சார்பியக்கம் பற்றிய தெளிவு தேவை. படகின் வேகத்திலேயே தூண்டிலும் வருகிறது. எனவே திரையில் தூண்டில் நின்ற இடத்திலேயே நிற்கும். நிலையாக உள்ள கடலடிப் பாறையோ பின்னோக்கி நகர்வதாகத் தோன்றும்.

படகு 3 கடல்மைல் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ஓய்ந்திருக்கும் மீனைப் படகு கடந்து செல்கிறது. அம்மீன் திரையில் மெல்ல விலகி, ஏறத்தாழ 13 நொடியில் 20 மீட்டர் தொலைவிலுள்ள தூண்டிலைத் தாண்டிப் பின்செல்லும். அது இரையைப் பொருட்படுத்தவில்லை என்பது பொருள். ஆனால் ஒரு புள்ளி தூண்டிலின் அருகே வந்தபின் விலகாமல் நிற்குமானால், அது உண்மையில் நிற்கவில்லை. படகின் வேகத்தில் நீந்திக்கொண்டிருக்கிறது. திரையில் அசையாதிருப்பதே கடலில் துரத்திவருவது. இதனை உணர்ந்தவர் அந்நொடியில் படகின் விசையைச் சற்றே கூட்டுவார். இரை தப்பியோட முயல்வதாகக் கருதி மீன் பாய்ந்து கவ்வக்கூடும். மீன் திரும்பத் திரும்ப அருகில் வந்து விலகினால், இரையின் அளவையோ நிறத்தையோ மாற்றிப் பார்க்கலாம். மீன்கள் இரைக்குக் கீழே சென்றால் கயிற்றில் ஈயம் சேர்க்கலாம். பாறை உயர்ந்து வருவது தெரிந்தால், தூண்டில் சிக்கி அறுவதற்குமுன் கயிற்றைச் சுருக்கலாம்.

குமிழியும் நெய்மீனும்

திரையில் தெரிவது மீன் அன்று. மீனிலிருந்து திரும்பிய ஒலி. நீரிலிருந்து காற்றை எதிர்கொள்ளும் இடத்தில் ஒலி மிகுதியாகத் திரும்புகிறது. பல மீன்களின் உடலில் காற்றுப்பை உள்ளது. எதிரொலியின் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது. சாளை, நெத்திலி போன்ற சிறுமீன் கூட்டங்கள் திரையில் ஒளிர்வது இதனால்தான். நெய்மீனுக்குக் காற்றுப்பை இல்லை, சுறாவுக்கும் இல்லை. ஆகவே ஒளிரும் சிறுமீன் கூட்டத்தின் ஓரத்தில், அவற்றை வேட்டையாடும் நெய்மீன் மங்கிய கீற்றாகவே தோன்றக்கூடும். மிகுதியாக ஒளிர்வதே பெரிய மீன் என்று கருதுபவர், தேடிவந்ததைத் தவறவிடுவார்.

காற்றின் இதே இயல்பு மற்றொரு வகையில் இடையூறாகிறது. சுழலும் விசிறி எழுப்பும் குமிழிகள் படகின் பின்னே திரையாக விரிந்து ஒலியைச் சிதறடிக்கும். அந்நுரைத்தடத்திற்குள் வரும் தூண்டில் கருவிக்குப் புலப்படாது. எனவே பக்கக் கழிகளைக் கொண்டு கயிற்றை நுரைக்கு வெளியே விலக்கியோ, ஈயத்தால் நுரைக்குக் கீழே இறக்கியோ இழுக்க வேண்டும். கற்றையின் அகலம் குறுகியது என்பதால், தூண்டில் சற்று ஒதுங்கினாலும் மறைந்துவிடும். திரையில் இல்லாதது நீரில் இல்லாதது ஆகாது.

இக்கருவி வட அமெரிக்க ஏரிகளில் பொழுதுபோக்காகத் தூண்டிலிடுவோரிடம் பெரிதும் பரவியது. அமைதியான ஏரியில் தெளிவாகத் தெரியும் காட்சி, அலையில் ஆடும் கடற்படகில் நிலைகுலையும். கருவி மாறினாலும் கடலுக்கேற்ற பயிற்சி தேவை என்பதை இது உணர்த்துகிறது.

கருவி காட்டாதவை

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள தூத்தூர் பகுதி மீனவர் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் பெயர்பெற்றவர்கள். எக்கோ சவுண்டரும் செயற்கைக்கோள் வழிகாட்டியும் அவர்களுடைய படகுகளில் உள்ளன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக்கடலைத் தாக்கியபோது, கடலில் இருந்த மீனவர் பலர் உயிரிழந்தனர். கடலடியைக் காட்டும் கருவி வானத்தைக் காட்டாது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்குப் பெயரிட்டு அதன் போக்கை அறிந்த அறிவும், உரிய நேரத்தில் படகைச் சென்றடையும் எச்சரிக்கையும் ஒலிக்கருவியைப் போலவே இன்றியமையாதவை.

எவ்வளவு பிடிக்கலாம் என்பதையும் கருவி சொல்வதில்லை. மீன் ஒளிவதற்கு இடமில்லாமற் போனால் போட்டி முறையாகுமா என்னும் வினா எழுந்ததால், வட அமெரிக்கத் தூண்டில் போட்டிகள் சிலவற்றில் நேரலைக் கருவிக்குக் கட்டுப்பாடு விதித்துள்ளனர். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை உள்ளது. இரு கரைகளையும் கொண்ட குமரி மாவட்டம் இரண்டு தடைக்காலங்களையும் அறியும். மீன் பெருகுவதற்கு விடப்படும் இடைவெளி அது. மீனைக் காணும் திறன் வளரும்தோறும் அவ்விடைவெளியின் தேவையும் வளர்கிறது.

இரு மலைமுகடுகளை நேர்ப்படுத்திப் பாரைக் கண்டறிந்தவரும், எதிரொலியின் மங்கிய கீற்றில் நெய்மீனை இனங்காண்பவரும் செய்வது ஒன்றே. இருவரும் அடையாளத்திலிருந்து உண்மையை ஊகித்தறிகின்றனர். கருவி அடையாளங்களைப் பெருக்கித் தருகிறது. அவற்றின் பொருளை உணர்வதும், தூண்டிலை இடுவதா, கரைக்குத் திரும்புவதா என்று முடிவு செய்வதும் கடலறிந்த மீனவரின் பொறுப்பாகவே இருக்கின்றன.

சொல்லும் பொருளும்

பார் – கடலடிப் பாறைத்திட்டு
பாகம் – விரித்த இரு கைகளின் நீள அளவு
பொய்யிரை – மீனைக் கவரச் செய்யப்பட்ட செயற்கை இரை
மீயொலி – மனிதச் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலி
சார்பியக்கம் – ஒன்றைச் சார்ந்து மற்றொன்று நகர்வதாகத் தோன்றும் இயக்கம்
கச்சான் – மேல்காற்று
கொண்டல் – கீழ்காற்று