‘30 × 60’னு போட்டிருந்தா நம்பிடாதீங்க... பைனாகுலர் வாங்கும் முன் இதையெல்லாம் செக் பண்ணுங்க!

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு காலை ஆறு மணிக்கு கம்பெனி பஸ்ஸில் வரும்போது, பிள்ளைப்பாக்கம் ஏரியையோ செம்பரம்பாக்கத்தையோ ஜன்னல் வழியா பார்த்திருப்பீங்க. தூரத்துல வெள்ளையா ஏதோ நிற்கும். கொக்கா, நாரையா, கரண்டிவாயனா? ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் வேலை பார்க்கும் பலருக்கு பைனாகுலர் ஆசை இப்படித்தான் ஆரம்பிக்கும். அடுத்த நிமிஷம் போன்ல தேடினா, ‘ஹன்டிங் பைனாகுலர், 30 × 60, நைட் விஷன்’னு ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கு ஒண்ணு வந்து நிற்கும்.

அந்த ‘ஹன்டிங்’ என்ற வார்த்தையை முதல்ல பார்த்துடுவோம். வெளிநாடுகள்ல லைசென்ஸோட வேட்டையாடுறவங்களுக்காக எழுதின விளம்பரம் அது. இங்கே 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். சரணாலயத்துக்குள்ள செஞ்சா 3 முதல் 7 வருஷம் வரை சிறை. இந்தியப் பறவையியலின் பெரிய பெயரான சாலிம் அலியே, சின்ன வயசுல ஏர்கன்னால ஒரு மஞ்சள் தொண்டைச் சிட்டைச் சுட்டுட்டு, ‘இது என்ன பறவை’ன்னு விசாரிக்கப் போய்த்தான் இந்தத் துறைக்குள்ள வந்தார். நமக்கு அந்தச் சுற்று வழி வேண்டாம். ஆனா, வேட்டைக்காரருக்கும் பறவை பார்ப்பவருக்கும் தேவை ஒண்ணுதான்: விடியற்காலை மங்கலான வெளிச்சத்துல தெளிவா தெரியணும்.

அதுக்கு இந்த நம்பரைப் புரிஞ்சுக்கணும். 8 × 42 என்றால், 8 மடங்கு பெரிதாகக் காட்டும். முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மி.மீ. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தா 5.25. கண்ணுக்குள்ள வரும் ஒளிக்கற்றையின் அகலம் இது, மில்லிமீட்டரில். வெயில்ல நம்ம கண்மணி 2, 3 மி.மீ-தான் திறந்திருக்கும். இருட்டுல இளம் வயசுக்காரங்களுக்கு 7 மி.மீ வரை விரியும். 10 × 25 வாங்கினா கிடைப்பது 2.5 மி.மீ. மதியம் ஓகே, ஆறு மணிக்கு வெறும் நிழல்தான் தெரியும். ‘30 × 60’ல சொன்ன கணக்கையே நம்பினாலும் 2 மி.மீ-தான். அதுல எங்கிருந்து நைட் விஷன் வரும்?

உண்மையில அந்த 60-ம் பெரும்பாலும் கிடையாது. குவாலிட்டி டிபார்ட்மென்ட்டில் இருக்கிறவங்களுக்கு இது ஜாலியான வேலை. முன் லென்ஸ் மேல ஒரு வெர்னியரை வெச்சுப் பாருங்க. பல பாக்கெட் பைனாகுலர்கள்ல 25 மி.மீ-கூட தேறாது. கம்பெனிக்கு வர்ற பார்ட்டா இருந்தா இன்கமிங்லயே ரிஜெக்ட்!

மடங்கு அதிகமா இருந்தா நல்லதுன்னு நினைப்பதுதான் எல்லாரும் மாட்டிக்கிற இடம். படம் பெரிசாகும்போது கை நடுக்கமும் சேர்ந்தே பெரிசாகும். பார்க்கும் பரப்பும் சுருங்கும், பறக்கிற பறவையைப் பிடிக்கவே முடியாது. 10-க்கு மேல போனா ட்ரைபாட் இல்லாம கஷ்டம். முதல் பைனாகுலருக்கு 8 × 42 போதும் என்பதுதான் என் கட்சி. ஜூம் மாடல்கள் பக்கமே போக வேண்டாம்.

கடையில செய்ய வேண்டியது: பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடிச்சு, வெளிச்சமான சுவரை நோக்கித் திருப்பி, கண் வைக்கும் லென்ஸைத் தள்ளி நின்னு பாருங்க. உள்ளே சின்னதா ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். முழு வட்டமா இருந்தா நல்லது. ஓரங்கள் வெட்டுப்பட்டு சதுரம் மாதிரி சாம்பல் பூசியிருந்தா ப்ரிஸம் மட்டமானது. பெட்டியில் ‘பேக்-4’ என்று இருந்தா நல்ல கண்ணாடி, ‘பிகே-7’ அதைவிட ஒரு படி கீழே. லென்ஸ் பூச்சுக்கு ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’ என்ற வார்த்தையைத் தேடுங்க. வெறும் ‘கோட்டட்’னா ஏதோ ஒரு பரப்புல மட்டும் பூசியிருக்கலாம். சிவப்பா பளபளக்கும் லென்ஸ் பார்க்க கெத்தா இருக்கும். சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிடுறதால காட்சி பச்சை பாய்ந்து மங்கலா தெரியும்.

அப்புறம் கடை வாசலுக்கு வந்து தூரத்து போர்டு ஒண்ணைப் படிங்க. நடுவில் எழுத்து தெளிவா, ஓரத்துல எவ்வளவு குழையுது? வானத்துக்கு எதிரா நிற்கும் மின்கம்பத்தின் விளிம்புல ஊதா கோடு அதிகமா தெரியுதா? ரெண்டு நிமிஷம் பார்த்ததும் கண் இழுக்குதா, உருவம் ரெண்டா பிரியுதா? அப்படின்னா ரெண்டு குழலும் ஒரே நேர்க்கோட்டில் இல்லை, வாங்காதீங்க. கண்ணாடி போடுறவங்க ‘ஐ ரிலீஃப்’ 15 மி.மீ-க்கு மேல இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா காட்சியின் ஓரம் தெரியாது. ஆன்லைன்லதான் வாங்கணும்னா, ரிட்டர்ன் இருக்கிற இடத்துல வாங்கி இதையெல்லாம் வீட்டு மாடியில செஞ்சு பாருங்க. சூரியனை மட்டும் மறந்தும் பார்க்காதீங்க, கண் பார்வையே போயிடும். கம்பெனி கேட் பக்கமும் திருப்ப வேண்டாம், செக்யூரிட்டி அண்ணன் வந்துடுவார்!

பட்ஜெட் இடிச்சா ரெண்டு மாசம் தள்ளி வாங்குங்க. வேடந்தாங்கல் சீசன் எப்படியும் நவம்பர் வாக்கில்தான் சூடுபிடிக்கும். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வந்து, ஜிஎஸ்டி ரோட்டைப் பிடிச்சு, படாளத்தில் திரும்பினா போதும். அங்கே சின்ன நீர்க்காகமும் கொண்டை நீர்க்காகமும் பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்கும், ரெண்டும் கறுப்பு. கொண்டை நீர்க்காகத்தோட நீலப்பச்சைக் கண் உங்க பைனாகுலர்ல தெரியுதான்னு பாருங்க.

திரும்பி வந்ததும் அதை அப்படியே பீரோவுக்குள்ள வெச்சுடாதீங்க. நம்ம ஊர் ஈரக் காற்றில் லென்ஸுக்குள்ள பூஞ்சை பிடிச்சிடும். காற்றுப் புகாத டப்பாவில், ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட் நாலைஞ்சு போட்டு வைங்க.