ஒற்றைக் கலனா, இரட்டைக் கலனா?

மட்டக்களப்புக் கடலில், 50 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கின்றது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதனை மூழ்கடித்தன. அதனைக் காணச் செல்லும் சுழியோடி முதுகில் ஒரு காற்றுக்கலனைச் சுமப்பதா, இரண்டைச் சுமப்பதா என்பதை முதலில் தீர்மானித்தல் வேண்டும்.

12 இலீற்றர் கொள்ளளவுடைய கலனில் 200 பார் அமுக்கத்தில் அடைத்த காற்று, கடல்மட்டத்தில் ஏறத்தாழ 2,400 இலீற்றராக விரியும். ஒருவர் நிமிடத்துக்கு 20 இலீற்றர் சுவாசிப்பதாகக் கொள்வோம். நீரோ ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அமுக்கத்தைக் கூட்டுகின்றது. ஆதலால் 10 மீற்றரில் இருமடங்கு காற்றும், 50 மீற்றரில் ஆறுமடங்கு காற்றும் செலவாகும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாமலையின் முருகைக்கற் பாறைகளிடையே, 10 மீற்றரில், ஒரு மணி நேரம் வரக்கூடிய கலன் ஹேர்மிசின் அருகே 20 நிமிடத்தில் வெறுமையாகிவிடும். மேலேறும் வழியில் தரித்து நிற்பதற்கான காற்றையும் கழித்தால் மிஞ்சுவது சொற்பமே.

ஆயினும், இரட்டைக் கலனின் மெய்ப்பயன் காற்றின் மிகுதி அன்று. இரு கலன்களையும் ஒரு குழாய் இணைக்கின்றது. ஒவ்வொன்றின் தலையிலும் தனி வால்வும், காற்றை அளவாக விடும் தனிச் சீராக்கியும் உண்டு. ஒரு சீராக்கி பழுதுற்றுக் காற்றைக் கொட்டினால், அதன் வால்வை மூடிவிட்டு, இரு கலன்களிலும் எஞ்சியதை மற்றச் சீராக்கி வழியே சுவாசிக்கலாம். இணைப்புக் குழாயே கசிந்தால்? நடுவிலுள்ள வால்வை அடைத்துப் பாதியையாவது காத்துக்கொள்ளலாம். ஒரே வால்வுடைய ஒற்றைக் கலனில் இது இயலாது. துணைவரை நாட வேண்டும், அன்றேல் மேலேற வேண்டும். ஆழத்தில் நெடுநேரம் தங்கியவரின் உடலிற் கரைந்த நைதரசனோ உடனே மேலேற விடாது.

பிடரிக்குப் பின்னே கைநீட்டி, வால்வுகளைத் தடவியறிந்து மூடப் பழகாதவருக்கு இந்த அமைப்பு வெறுஞ் சுமையே. உருக்குக் கலன்கள் இரண்டு 30 கிலோகிராம் அளவில் நிறைகொள்ளும். நீரினுள் அந்தப் பாரம் தோன்றாது. வள்ளத்தின் ஏணியிலே தோன்றும். காற்று மிகுதியாயிருக்க, தங்கும் நேரமும் நீள்வதால் நைதரசனும் மிகுதியாகக் கரையும். புறாமலைக்கு ஒற்றைக் கலனே தக்கது. சற்றே ஆழமான இடங்களுக்கு அதனோடு தனிச் சீராக்கியுடைய சிறு துணைக்கலன் ஒன்றைக் கொண்டு செல்வோரும் உளர். ஹேர்மிசுக்கோ பயிற்சியும் இரட்டைக் கலனும் வேண்டும். அந்த ஆழத்தில் நைதரசன் அறிவை மயக்குவதால், காற்றுக்குப் பதிலாக ஈலியம் கலந்த வாயுவை நிரப்பிக்கொள்வோரும் உண்டு.